பதினைந்து நாளில் உறை தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்

ரிவால்வருக்குக் கையால் தைக்கும் தோல் உறை பதினைந்து நாளில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அந்தக் கடைப் படியை விட்டு இறங்கிவிடுங்கள். உங்களுக்கு முன்னால் வேறு ஆர்டரே இல்லாமல், தோலும் தயாராக இருந்து, மழையும் பெய்யாமல் இருந்தால் வேண்டுமானால் பதினைந்து நாள் போதும். அப்படி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நல்ல தோல்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எனக்குக் காப்பித் தோட்டம். சனிக்கிழமை கூலி நாள். வத்தலக்குண்டில் பணம் எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும். அதற்காக வாங்கியதுதான் என் ரிவால்வர் லைசென்ஸ். காட்டுமாட்டுக்குப் பயந்துதான் துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. .32 குண்டு காட்டுமாட்டுக்குக் கொசுக்கடி. அது தெரியாதவன் இல்லை நான்.

உங்கள் ரிவால்வரும் அநேகமாகக் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்ததாகத்தான் இருக்கும். வெளிநாட்டுச் சரக்குக்கு நம்மிடம் ஏது காசு? அந்த .32 மார்க் 3-ஐக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சினிமாவில் வருவதுபோலச் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வராது. பழைய வெப்லி ரிவால்வர் மாதிரி குழலே முன்பக்கம் மடிந்து திறக்கும். திறந்ததும் உள்ளே இருக்கும் தோட்டாக்களை அதுவே வெளியே தள்ளிவிடும். திறக்கிற நெம்புகோல் இடப்பக்கம், சுத்தியலுக்குப் பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டுகிற மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். என் கதை முழுவதும் அந்த நெம்புகோலில்தான் இருக்கிறது.

முதல் உறையை ஒரு பெரிய நகரத்தில், சீருடை, பெல்ட், விசில், லத்தி எல்லாம் விற்கிற ஒரு கடையில் சொன்னேன். என் மைத்துனர் காட்டிய கடை. "ஹேண்ட்மேட் சார், பதினஞ்சு நாள்ல கொரியர்ல வந்துரும்" என்றார்கள். முழுப் பணமும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். "துப்பாக்கிய ரெண்டு நாள் இங்க விட்டுட்டுப் போங்க சார், அளவு பாத்துக்கிறோம்" என்றார் கல்லாவில் இருந்தவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லைசென்ஸ் இல்லாதவரிடம் துப்பாக்கியை ஒப்படைப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மாட்டேன் என்றேன். சரி, போட்டோவும் டேப் அளவும் போதும் என்றார்கள். அதற்கும் ஒத்துக்கொண்டேன். அங்கேயே தப்பு செய்துவிட்டீர்கள் என்று மைத்துனர் இன்றைக்கும் சொல்கிறார். சட்டப்படி நடந்தது தப்பென்றால் நான் என்ன செய்ய? போட்டோ போதாது என்று அவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பதினைந்து நாள் மாதங்களாக நீண்டது. கேட்கும்போதெல்லாம் "நாளைக்கு அனுப்பிடறோம் சார்". தை கழிந்து, சித்திரை கழிந்து, ஆடியில் பார்சல் வந்தது. பார்க்க அழகாக, பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது. அவர்களிடம் இருந்த அச்சு, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வேறொரு ரிவால்வருடையது. ".32 எல்லாம் ஒண்ணுதானே" என்று அதில் அழுத்தித் தைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நழுவாமல் பிடிக்க மேலே ஒரு வார், அதில் பிரஸ் பட்டன். அந்த வார் சரியாக நெம்புகோலின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஒரு கூலி நாளில், ஆபீஸ் அறையில், இடுப்பிலிருந்து எடுத்து மேசை டிராயரில் வைக்கலாம் என்று உருவினேன். வார் நெம்புகோலில் மாட்டி அதை முன்னால் தள்ளிவிட்டது. ரிவால்வர் வாயைப் பிளந்தது. ஆறு தோட்டாவும் தரையில் சிதறின. கூலிக்கு நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். மேஸ்திரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஐந்து உடனே கிடைத்துவிட்டன. ஆறாவது உரமூட்டைக்குப் பின்னால், எலிப்பொறி பக்கத்தில் கிடந்தது. அதை எடுக்க வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் மண்டியிட்டுத் துழாவினேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் லைசென்ஸில் கணக்கு இருக்கிறது, கிடைக்காவிட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கடைக்குப் போன் செய்தேன். "நீங்க உருவுற ஆங்கிள் தப்பு சார்" என்றார்கள். பணம் திரும்பி வரவில்லை.

அதோடும் முடியவில்லை. அந்தத் தோல் குரோம் பதனிட்டது. பைக்கும் செருப்புக்கும் நன்றாக இருக்கும், உறைக்கு ஆகாது. நனைத்து அழுத்தினாலும் வடிவம் நிற்காது. ஒரு ஐப்பசி மழை தாங்காமல் கோணிப்பை மாதிரி தொய்ந்து, உள்ளே பூஞ்சை கட்டி, குழலின் கருநீலப் பூச்சில் செம்புள்ளி விழுந்தது. எந்தத் தோலாக இருந்தாலும் துப்பாக்கியை இரவில் உறையோடு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஆன்லைனில் பிளாஸ்டிக் உறை இரண்டு நாளில் வருமே என்று கேட்பீர்கள். மைத்துனரும் கேட்டார். அதெல்லாம் வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்கு வார்த்தவை. நம் கான்பூர் ரிவால்வருக்கு என்று யார் வார்க்கிறார்கள்? உறையே இல்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு போகவும் முடியாது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில், வெளியே தெரியாமல் இருக்க வேண்டும் என்பது 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது.

கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு பாயைப் பிடித்தேன். குதிரை வண்டிக்குச் சேணமும் வாரும் தைத்த குடும்பம். திண்டுக்கல்லில் தோலுக்குப் பஞ்சம் இல்லை. பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளைப் பற்றித் தெரியாதவர்கள், டி. செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள். 2012-இல் சாகித்ய அகாதெமி வாங்கிய நாவல் அது. உறைக்கு வேண்டியது பட்டைச்சாற்றில் ஊறிப் பதமான தோல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் வாட்டில். அந்த வாட்டில் மரத்தைத் தோல் பதனிடுவதற்கென்றே எங்கள் பழனி மலை உச்சியில் நட்டுப் புல்வெளியையெல்லாம் மூடிவிட்டார்கள், அது தனி வயிற்றெரிச்சல். குரோம் தோல் சட்டென்று பதமாகிவிடும், பட்டைத்தோல் வாரக்கணக்கில் ஊற வேண்டும். ஆனால் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத பட்டைத்தோலை நனைத்து அழுத்திக் காயவிட்டால், அந்த வடிவத்திலேயே கெட்டியாக நின்றுவிடும்.

"எப்ப பாய் கிடைக்கும்?"

"மூணு மாசம் ஆகும் தம்பி. அவசரம்னா வேற எடம் பாத்துக்குங்க."

ஏன் மூன்று மாதம் என்று கேட்டேன். நீங்களும் கேளுங்கள், பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். முன்னால் இருக்கிற ஆர்டர்கள் முடியவே ஒன்றரை மாதம். தழும்பும் உண்ணிக்கடியும் இல்லாத முதுகுப் பக்கத் தோல் வருகிற வரை காத்திருக்க வேண்டும், அதற்கு நாள் சொல்ல முடியாது. வெட்டுவதும், தேன்மெழுகு தடவிய நூலில் இரண்டு ஊசி கோத்துத் தைப்பதும் சேர்த்து மூன்று நாள் வேலைதான். காய்வது தனி. பாதிப் பணம் முன்னதாக, மீதி கையில் வாங்கும்போது. துப்பாக்கியை விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. "கட்டையில ஒண்ணு செஞ்சு கொண்டாங்க" என்றார்.

தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கில் ஒரு துண்டை அறுத்து, எங்கள் ஆசாரி என் கண் முன்னாலேயே ரிவால்வரைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினார். குழல் முனையில் இருக்கும் குறிமுள், சுத்தியல், அந்தப் பாழாய்ப்போன நெம்புகோல், எதுவும் விடவில்லை. பேரன் அதை எடுத்துக்கொண்டு ஓடியதும் வீட்டில் ஒரே ரகளை. உங்கள் உறை எப்போது வரும் என்பதை முடிவு செய்வது இந்தக் கட்டைதான். கட்டை கையில் இருந்தால் தையல்காரர் உங்களை எதிர்பார்க்காமல் வேலையைத் தொடங்கிவிடுவார். கடைசி அழுத்தத்துக்கு மட்டும் நிஜத் துப்பாக்கி ஒரு மணி நேரம் வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் வந்தது வினை. உறை தைத்துத் தயார் என்று போன் வந்தபோது 2024 மார்ச் 16 தாண்டிவிட்டது. அன்றுதான் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு. எங்கள் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரையும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19-இலேயே முடிந்துவிட்டது. வடக்கே இருக்கிறவர்கள் எல்லாம் ஏழு கட்டமாக ஓட்டுப் போட்டு முடித்து, ஜூன் 4-இல் எண்ணி, அதற்கும் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. வருஷம் பூரா நல்லவனாக இருந்தவன், தேர்தல் வந்தால் மட்டும் எப்படிச் சந்தேகத்துக்குரியவன் ஆகிறான் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். அவர் ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார். பாய் மேல் எனக்கு வருத்தமே இல்லை. என் உறை ஆணியில் தொங்கியபடி காத்திருந்தது.

ஜூன் கடைசியில் போனேன். தோட்டாக்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, காலி ரிவால்வரோடு. வெதுவெதுப்பான தண்ணீரில் உறையை முக்கினார். குமிழி நிற்கும் வரை விட்டார். தோல் கருத்து, தொட்டால் கொழகொழவென்று ஆனது. ரிவால்வரை மெல்லிய பாலிதீனில் சுற்றி உள்ளே விடச் சொன்னார், நான்தான் விட்டேன். பிறகு மாட்டுக்கொம்பில் செதுக்கிய ஒரு துண்டால் சிலிண்டர் விளிம்பையும் விசைக்காப்பையும் தேய்த்துத் தேய்த்து எழுப்பினார். நெம்புகோல் வந்த இடத்தில் மட்டும் கட்டைவிரலை வைத்து உள்ளிருந்து வெளியே தள்ளி ஒரு சின்ன மேடு எடுத்தார். வார் அந்த மேட்டைச் சுற்றிப் போனது. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கட்டையைச் செருகி நிழலில் தொங்கவிட்டார். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்றேன். "அப்பளமா போயிரும்" என்றார். இரண்டு நாள் கழித்து எண்ணெய் பூசித் தந்தார்.

நூறு தடவையாவது உருவிப் பார்த்திருப்பேன். நெம்புகோல் அசையவில்லை. விசைக்காப்பு முழுக்க மூடியிருக்கிறது, விரல் நுழைய வழியில்லை. புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும், அதற்காகத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

நான்கு மாதம் வரை பொறுங்கள். மாதம் ஒரு போன் போதும், அதற்கு மேல் செய்தால் தைக்கிற கையை நிறுத்திவிட்டுத்தான் அவர் எடுக்க வேண்டும். நான்கு மாதம் தாண்டியும் "நாளைக்கு" என்றே பதில் வந்தால் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அழுத்தக் கொடுக்காதீர்கள், காயாது. பஞ்சாயத்துத் தேர்தலோ சட்டமன்றத் தேர்தலோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். எந்தக் கடைக்காரர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள்.