பிரேக்கில் ஏர் எடுப்போம்



கொப்பரைக் களத்துக்கும் எண்ணெய் மில்லுக்கும் ஓடுவதற்கென்று எங்கள் குழு ஒரு பழைய குட்டி யானை வாங்கியிருக்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ் வகை வண்டி. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் ட்ரம். போன மாதம் முன் காலிப்பர் இரண்டும் துருப்பிடித்து இறுகிப் போச்சு. புதுசு வாங்கி வாசலிலேயே மாட்டினோம். மாட்டி முடித்து பெடலை மிதித்தால், பஞ்சு மூட்டையை மிதிச்ச மாதிரி அடி வரைக்கும் இறங்குது! அப்படியே லோடு ஏற்றி சிவன்மலை இறக்கத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

காரணம் இதுதான். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, நுனியை விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள், நகராது. காற்றை நிரப்பித் தள்ளினால் பாதி வரை உள்ளே போய்விடும். பிரேக் ஆயில் நம் மிதியைச் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. குழாயைக் கழற்றி மாட்டும்போது நுழைந்த காற்று அந்த மிதியைத் தின்றுவிடுகிறது. அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எஞ்சினை அணைத்து வையுங்கள். சக்கரத்தைக் கழற்றினால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்கணும். ஆயில் டப்பா மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதே ஆயில், சீல் பிரிக்காத புது டப்பாவாக வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 கொதிக்க 205 டிகிரி வேண்டும். ஈரம் ஏறினால் 140-லேயே கொதிக்கலாம். என்ஜின் ஆயில் ஒரு சொட்டுக்கூட கலக்கக் கூடாது, ரப்பர் உப்பிப் போகும்.

நிப்பிளில் கண்ணாடி டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். ஒருவர் சீட்டில், ஒருவர் சக்கரத்தருகே.

"மிதிங்க அக்கா."

"மிதிச்சுட்டேன் அம்மணி, புடிச்சிருக்கேன்."

இப்போது நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் டியூபில் குமிழி வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடுங்க" என்று சொல்லணும். முந்திக் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிடும். பழைய வண்டியில் பெடலை ஒரேயடியாக அடி வரை மிதிக்க வேண்டாம், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிழியலாம். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தோம். நாலைந்து தடவைக்கு ஒருமுறை மேல் டப்பாவைப் பார்த்து ஆயில் ஊற்றுங்கள். டப்பா காலியானால் நாலு சக்கரத்திலும் முதலிலிருந்து எடுக்கணும்.

எங்களுக்கு அரை மணி நேரம் மிதித்தும் பெடல் ஏறவில்லை. ஆயில்தான் தீர்ந்தது. கடைசியில் பார்த்தால் இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறோம்! இரண்டும் பொருந்திவிடுவதால் சந்தேகமே வரவில்லை. அப்படி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்றோ மேலேதான் நிற்கும். நிப்பிள் எப்போதும் மேல்பக்கம் இருக்கணும். மாற்றி மாட்டி, குழாய் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷரும் போட்டோம். பத்து மிதியில் பெடல் கல்லு மாதிரி நின்னுடுச்சு.

டப்பா காலியாகவில்லை என்றால் காலிப்பர் மாற்றிய சக்கரங்களில் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். நாலுக்கும் எடுப்பதானால் தூரத்திலுள்ள பின் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வண்டிப் புத்தகம் வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். ஏ.பி.எஸ். உள்ள புது வண்டிகள் சிலவற்றுக்கு கம்ப்யூட்டர் கருவி தேவை, அவற்றை ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டு போய்விடலாம்.

முடிந்ததும் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பெடல் சற்று இறங்கும், அது சரிதான். பிறகு காலி வண்டியைக் களத்திலேயே மெதுவாக உருட்டி, நாலைந்து முறை நிறுத்திப் பார்த்த பின்தான் ரோட்டுக்கு எடுத்தோம்.

சிந்திய ஆயில் பெயிண்டை அரிக்கும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பாட்டிலில் சேர்ந்ததைத் திரும்ப ஊற்றவே கூடாது. அது விஷம், குழந்தைக்கும் மாட்டுக்கும் எட்டாமல் மூடி வைத்து, கழிவு ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.