பட்டம் விட்டவர் அல்ல!

காத்தாடி ராமமூர்த்திக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? சின்ன வயதில் பட்டம் விடுவதில் கில்லாடியோ? – ஒரு வாசகர், மன்னார்குடி

மாஞ்சாவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை! சோவின் 'இஃப் ஐ கெட் இட்' நாடகத்தில் அவர் ஏற்ற கார்ட்டூனிஸ்ட் பாத்திரத்தின் பெயர் காத்தாடி. வேஷம் கலைந்தது, பெயர் கலையவில்லை. பிறகு 'ஸ்டேஜ் கிரியேஷன்ஸ்' குழுவை நடத்தினார். டெல்லி கணேஷ்கூட அந்தப் பாசறைதான். விசுவின் 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை 1977-ல் பாலசந்தர் படமாக்கியபோது இருவருக்குமே வாய்ப்பு. கணேஷ் சினிமாவில் நிலைத்துவிட்டார்; காத்தாடியோ சினிமா, டி.வி. என்று போய்வந்தாலும் மேடையை விடவில்லை. கிரேஸி மோகன் எழுதிய 'அய்யா அம்மா அம்மம்மா'வில் அவரைப் பார்த்ததில்லை என்றால், முதலில் அதைத் தேடிப் பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள், புரையேறும்!