மிலிட்டரிக்காரரை மேடைக்கு அழைக்கலாமா?

கேள்வி: ஐயா, மாமல்லபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளுக்கு எங்கள் பிள்ளைகள் உண்டியல் எடுத்துப் போவார்கள். 'அமரன்' படம் பார்த்ததால், உயிர்நீத்த தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜனை எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரிலேயே கண்ணிவெடியில் காலை இழந்த மிலிட்டரிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. பள்ளி விழாவுக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: வற்புறுத்தாதீர்கள், டீச்சர். சால்வை போட்டு உட்காரவைத்து, கால் போன கதையைச் சொல்லச் சொன்னால் பலருக்குத் தாங்காது. வெடித்த அன்று பக்கத்தில் நின்ற தோழன் உயிரோடு திரும்பாமல் போயிருக்கலாம். அதை மைக்கில் எப்படிச் சொல்வது?

உயிர் கொடுத்தவரை நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். காயத்தோடு திரும்பியவரை மறந்துவிடுகிறோம். இருபத்தைந்து வயதில் காலை இழந்தவர் இன்னும் நாற்பது, ஐம்பது வருடம் வாழ வேண்டும். இல்லாத பாதத்தில் சுரீரென்று வலி எடுக்கும். அது கற்பனை இல்லை, நரம்பின் வேலை. செயற்கைக் காலும் ஒருமுறை மாட்டினால் முடிகிற விஷயமல்ல. மீதிக் காலின் அளவு மாறும், அதைப் பொருத்தும் கப் தளரும், உராய்ந்து புண்ணாகும். நம் கடற்கரை வெயிலில் வியர்வை ஊறி அந்தப் புண் சீக்கிரம் ஆறாது. மணலில் நடப்பது அதைவிடக் கஷ்டம். ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் புனேயில் 1944 முதல் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே, முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட்டிலும் செயற்கை உறுப்புப் பிரிவு உண்டு.

பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல, இப்படிக் காயம்பட்டும் சாதித்தவர்கள் இருக்கிறார்கள். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972-ல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றார். கண்ணிவெடியில் காலை இழந்த நம் தமிழ்நாட்டு வீரர் ஆனந்தன் குணசேகரன், 2019-ல் வூகான் ராணுவ உலக விளையாட்டில் ஓடித் தங்கம் வாங்கினார். ஆனால் பதக்கம் வாங்கியவர்தான் வீரர் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. பெட்டிக்கடை வைத்திருப்பவரும், வீட்டைவிட்டு வெளியே வராதவரும் அதே காயம் பட்டவர்கள்தான்.

1949 முதல் கொடி நாளில் திரட்டும் பணம் இவர்களுக்கும், போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், மற்ற படைவீரர் நலனுக்கும் போகிறது. உண்டியலை நீட்டும்போது பிள்ளைகள் இதைச் சொல்லட்டும்.

உங்களால் ஆகக்கூடிய பெரிய உதவி வேறு: அவருடைய பென்ஷன் தாள்களைப் பார்ப்பது. ஊனமுற்றோர் பென்ஷன் வேறு, போர்க்காய பென்ஷன் வேறு. இரண்டாவதில் தொகை கூடுதல். காயம் எந்தச் சூழலில் பட்டது என்று ராணுவத் தாள்களில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்து எது என்று முடிவாகும். பல குடும்பங்கள் அந்தத் தாள்களைப் படித்துக்கூடப் பார்த்ததில்லை. தவறு இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே கிளை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், "அண்ணே, பென்ஷன் பேப்பரெல்லாம் சரியா இருக்கா, நான் ஒருவாட்டி படிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள்.