கணிப்பும் அளவீடும்

சுரங்கப் பாதையினுள் கார் நுழைந்ததும் செய்மதிச் சமிக்ஞை அற்றுப்போகின்றது. ஆயினும் வழிகாட்டும் திரையில் கார் தொடர்ந்து நகர்கின்றது. இறுதியாக அறிந்த வேகத்தைக் கொண்டு கருவி கார் இருக்குமிடத்தைக் கணிக்கின்றது. அக்கணிப்பின் பிழை செக்கனுக்குச் செக்கன் வளரும். வெளியே வந்ததும் சமிக்ஞை மீளும். அதுவும் சில மீற்றர் பிழையுடையதே. எதனை நம்புவது?

இதற்கு வழி வகுத்தவர் ருடோல்ப் கால்மன். 1930இல் புடாபெஸ்ற் நகரில் பிறந்து, போர்க்காலமான 1943இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். 1960இல் வெளிவந்த அவரது கட்டுரையின் சாரம் இதுவே: இரண்டையும் நம்புக, பிழை குறைந்ததைக் கூடுதலாக நம்புக. 1969இல் சந்திரனில் மனிதரை இறக்கிய அப்பல்லோ விண்கலத்தின் கணனியும் இம்முறையைக் கையாண்டது.

மாணவர்களே, கொப்பியை எடுங்கள். கணிப்பின்படி கார் 100ஆவது மீற்றரில் நிற்கின்றது. அதன் பிழையினது வர்க்கத்தின் சராசரி 4. செய்மதி கூறுவது 106. அதற்குரிய சராசரி 8. இரு பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை. 4ஐ, 4+8ஆல் வகுக்க 1/3 வரும். இதனை நயம் என்பர். வித்தியாசமான 6 மீற்றரில் மூன்றிலொன்று 2. ஆகவே கார் 102ஆவது மீற்றரில். புதிய பிழைச் சராசரி 4×2/3, அதாவது ஏறத்தாழ 2.7. வியப்பைப் பாருங்கள்: இது 4ஐ விடவும் குறைவு, 8ஐ விடவும் குறைவு!

ஆனால் 4, 8 என்னும் எண்களை யார் தந்தது? வினாத்தாளில் ஆசிரியர் தருவார். வீதியில் எவரும் தாரார். உயர்ந்த கட்டடங்களில் சமிக்ஞை பட்டுத் தெறிக்கையில் அந்த 8, 80 ஆகலாம். அப்போது நயம் 4/84, அதாவது 1/21. நகரவேண்டியது 29 சதமமீற்றர் மட்டுமே. மாற்றத்தை அறியாத வடிகட்டியோ 2 மீற்றர் இழுபட்டுப்போகும்.

இங்குதான் நரம்பு வலையமைப்பு உதவுகின்றது. 2022இல் வெளிவந்த கால்மன்நெற் எனும் முறையில், இயக்கச் சமன்பாடு அப்படியே நிற்க, நயத்தை மட்டும் உதாரணங்களிலிருந்து வலையமைப்புக் கற்கின்றது. முழுவதையும் கணனியே கற்கட்டுமே என்பர் சில பிள்ளைகள். தூரம் என்பது வேகத்தை நேரத்தாற் பெருக்கி வருவது என நாம் அறிந்திருக்க, அதனை ஆயிரம் பயணங்களைக் காட்டிக் கற்பிப்பது வீண்வேலை. மேலும், பழைய முறை விடையுடன் 2.7 என்று தன் ஐயத்தின் அளவையும் கூறியது. வலையமைப்புத் தந்த நயத்திலிருந்து அவ்வளவு எளிதில் அதனைப் பெறமுடியாது.

பயிற்சி: செய்மதிக்குரிய சராசரி 8 அன்று, 2 எனின் கார் எங்கே? பெற்றோர் உதவாதிருக்க வேண்டுகின்றேன்.