எல்எம்எஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆர்எஃப்பி எழுதுங்கள்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் தெரிந்துவிட்டால் போதும், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் உங்கள் மேஜைக்கு வந்துவிடும். பிரின்டருக்கு கார்ட்ரிட்ஜ் மாற்றுவதில் ஆரம்பிக்கும். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, "நம்ம ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க எல்எம்எஸ் என்று ஏதோ இருக்கிறதாமே, நல்லதாகப் பார்த்துச் சொல்லுப்பா" என்பார். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இந்தப் பாடம்.

எல்எம்எஸ் என்பது லேர்னிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கம். பாடங்களை ஓரிடத்தில் வைத்து, யார் எதைப் படித்தார், தேர்வில் எத்தனை மார்க் வாங்கினார், அவருடைய சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்று கணக்கு வைக்கும் சாஃப்ட்வேர். பெரும்பாலும் பிரவுசரிலேயே திறந்து பயன்படுத்தலாம்.

ஆர்எஃப்பி என்றால் ரெக்வஸ்ட் ஃபார் புரபோசல். இது கொட்டேஷன் கேட்பது போன்றதல்ல. பத்து கீபோர்டு என்ன விலை என்று கேட்டால் அது கொட்டேஷன். எங்கள் பிரச்னை இது, இதை நீங்கள் எப்படித் தீர்ப்பீர்கள், எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கேட்டால் அது ஆர்எஃப்பி.

எனக்குப் பழக்கமான பின்னலாடைத் தொழிற்சாலை ஒன்றில் 400 பேர் வேலை செய்கிறார்கள். அங்கே ஆர்எஃப்பி எதுவும் இல்லாமல், டெமோ பார்த்து மயங்கி ஒரு எல்எம்எஸ் வாங்கினார்கள். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து வேறு சாஃப்ட்வேருக்கு மாறும் நேரத்தில், வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட்டர், யார் யாருக்கு எந்தத் தேதியில் தீ விபத்துப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டார். பழைய கம்பெனியோ, ஒவ்வொருவர் பெயராகத் திறந்து தனித்தனி பிடிஎஃப்பாகத்தான் எடுக்க முடியும், மொத்தமாக வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றது. கொடுத்த பயிற்சிக்குச் சாட்சி இல்லாமல் ஆர்டரே ஊசலாடியது. அடுத்த தடவை வாங்கும்போது என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அங்கே நாங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன்.

வேர்டைத் திறந்ததும் சாஃப்ட்வேர் பற்றி எழுத ஆரம்பிக்காதீர்கள். முதல் பக்கம் முழுக்க உங்கள் ஆட்களைப் பற்றி எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை ஷிஃப்ட், எந்த மொழியில் படிப்பார்கள், கம்ப்யூட்டரிலா செல்போனிலா, எத்தனை பேருக்கு இ-மெயில் முகவரி இருக்கிறது? கடைசிக் கேள்வி முக்கியம். பல எல்எம்எஸ்களில் இ-மெயில் இல்லாமல் லாகின் உருவாக்குவதே தலைவலி. அந்தத் தொழிற்சாலையில் பெரும்பாலானவர்களுக்கு இ-மெயில் கிடையாது. செல்போன் நம்பரில் ஓடிபி வந்தால்தான் வேலை நடக்கும்.

அடுத்து, தமிழ். 'தமிழ் வருமா?' என்று கேட்டால் எல்லோரும் 'வரும்' என்றுதான் சொல்வார்கள். மெனு தமிழில் வருகிறதா, தேடினால் தமிழ்ப் பெயர் கிடைக்கிறதா, சான்றிதழில் தமிழ் ஒழுங்காக அச்சாகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். திரையில் அழகாகத் தெரியும் தமிழ், பிடிஎஃப் ஆகும்போது சில சாஃப்ட்வேர்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். 'கொளஞ்சி' என்ற பெயரைக் கொடுத்து ஒரு சான்றிதழ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், உண்மை தெரிந்துவிடும். உங்களிடம் உள்ள பழைய பவர்பாயின்ட் பாடங்கள் பாமினி போன்ற பழைய ஃபான்டில் இருந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றுவது யார் பொறுப்பு, என்ன செலவு என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல் விஷயம். ஸ்கார்ம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு எல்எம்எஸ்ஸுக்காகச் செய்த பாடம் இன்னொன்றிலும் ஓட வேண்டும் என்பதற்காக, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் என்ற அமைப்பு கொண்டு வந்த பொது விதிமுறை இது. பாடம் ஒரு ஜிப் ஃபைலாக இருக்கும்; உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். 2001-இல் வந்த ஸ்கார்ம் 1.2 இன்றும் பரவலாகப் புழங்குகிறது. ஆனால் பாதியில் நிறுத்தியவர் எங்கே விட்டார் என்பதைக் குறித்து வைக்க அதில் 4,096 எழுத்துக்குத்தான் இடம். நீளமான பாடமாக இருந்தால், மறுநாள் திறக்கும்போது முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்கார்ம் 2004-இன் மூன்றாம் பதிப்பில் இது 64,000 ஆனது. எனவே 'ஸ்கார்ம் உண்டா?' என்று மட்டும் கேட்காமல், எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். 2013-இல் எக்ஸ்ஏபிஐ என்ற புதிய முறையும் வந்தது. சின்ன நிறுவனத்துக்கு அது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஃப்ளாஷில் செய்த பழைய பாடங்கள் இருந்தால் அவற்றை மறந்துவிடுங்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் ப்ளேயருக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஓட்டிக் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால், எப்படி என்று கேளுங்கள்.

கேள்விகளுக்கு 'உண்டு/இல்லை' என்று கட்டம் போட்டு அனுப்பாதீர்கள். எல்லாக் கட்டத்திலும் 'உண்டு' என்றே திரும்பி வரும். இப்போதே தயாராக இருக்கிறது, செட்டிங் மாற்றினால் வரும், புரோகிராம் எழுத வேண்டும், அடுத்த வெர்ஷனில் வரும் என்று நான்கு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்றாவது என்றால் பக்கத்திலேயே விலையும் வேண்டும்.

விலை விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பதிவு செய்த ஆளுக்கு இவ்வளவு என்பது ஒரு முறை. அந்த மாதம் உள்ளே வந்து படித்த ஆளுக்கு மட்டும் இவ்வளவு என்பது இன்னொரு முறை. கணக்குக்காக, முதல் முறையில் ஆளுக்கு மாதம் 40 ரூபாய், இரண்டாவதில் 70 ரூபாய் என்று வையுங்கள். 400 பேருக்கு முதல் முறையில் வருடம் 1,92,000 ரூபாய். மாதம் 120 பேர்தான் படிப்பார்கள் என்றால் இரண்டாவது முறையில் 1,00,800 ரூபாய். தீ விபத்துப் பயிற்சி நடக்கும் ஒரு மாதம் மட்டும் 400 பேரும் வந்தாலும் 1,20,400 ரூபாய்தான். ஆள் அதிகம், படிப்பது குறைவு என்றால் விலை கூடுதலாகத் தெரியும் முறையே லாபம். வேலையை விட்டுப் போனவரின் இடத்தைப் புதியவருக்குக் கொடுக்கலாமா என்பதையும் கேளுங்கள். இதனுடன் ஆரம்பக் கட்டணம், எஸ்எம்எஸ் செலவு, சப்போர்ட், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மூன்று வருட மொத்தத் தொகையை ஒரே வரியில் கேளுங்கள்.

'மூடுல் இலவசம்தானே?' என்று யாராவது கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூஜியாமஸ் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் அது. நல்ல சாஃப்ட்வேர், லைசென்சுக்குப் பணம் இல்லை. ஆனால் சர்வர் வாடகை, பேக்கப், அப்டேட் செய்யத் தெரிந்த ஆள் என்று செலவு உண்டு. மூடுல் அமைத்துத் தருபவர்களுக்கும் அதே ஆர்எஃப்பியை அனுப்புங்கள்.

பதில்கள் வந்ததும் எக்செலைத் திறந்து முதல் நெட்டு வரிசையில் கேள்வி, அடுத்ததில் அதன் முக்கியத்துவம் 1 முதல் 5 வரை, அதற்கடுத்து நீங்கள் போடும் மார்க் என்று அமையுங்கள். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் வந்துவிடும். முக்கியத்துவ எண்களை பதில் வருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் மனதுக்குப் பிடித்த கம்பெனிக்குச் சாதகமாகக் கை போகும். அரசு டெண்டர்களில் உள்ள இரண்டு கவர் முறையையும் கடைப்பிடிக்கலாம். விலை எழுதிய கவரைத் தனியாக வாங்கி, மார்க் போட்டு முடித்த பிறகே பிரியுங்கள்.

முதல் மூன்று இடம் பிடித்தவர்களை மட்டும் டெமோவுக்குக் கூப்பிடுங்கள். அவர்களுடைய மாதிரிப் பாடம் வேண்டாம். உங்கள் பாடத்தை முந்தின நாள் கொடுத்து, உங்கள் ஆள் ஒருவரின் சாதாரண செல்போனில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. ஒப்பந்தம் முடிந்தால் எல்லாப் பயிற்சிப் பதிவுகளும், பெயர், பாடம், தேதி, மார்க் உட்பட, சிஎஸ்வி ஃபைலாக எத்தனை நாளில் கிடைக்கும், கட்டணம் உண்டா, பிறகு அவர்கள் சர்வரிலிருந்து எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் கையாளும் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துடையதே என்கிறது. அந்தத் தொழிற்சாலையில் இந்த ஒரு கேள்விக்கு 5 மார்க் முக்கியத்துவம் கொடுத்தோம். பதில் அனுப்பிய ஆறு கம்பெனிகளில் இரண்டு இந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தன.