கரியும் யூரியாவும்: மண்ணில் இடும் மூலதனம்

ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், மூன்று மாநிலங்கள் கூடும் குப்பம் பகுதியை அடுத்துள்ளது குடுபல்லி. தக்காளி, நிலக்கடலை, கேழ்வரகு, மல்பெரி ஆகியவை இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். நிலமோ பெரும்பாலும் மணற்பாங்கான செம்மண். இத்தகைய மண்ணில் நீர் நிற்பதில்லை. இட்ட உரமும் நிற்பதில்லை. பயிர்க்கடனில் உரத்துக்கெனப் பெறும் தொகையில் ஒரு பகுதி பயிரைச் சேராமலே போகிறது என்பது இதன் பொருள். இந்த இழப்பைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றான உயிர்க்கரியைப் பற்றி இவ்விதழில் காண்போம்.

உயிர்க்கரி என்பது யாது?

பயிர்க்கழிவுகளைக் காற்று மிகக் குறைவாகப் புகும் கலனில், ஏறத்தாழ 350 முதல் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கருக்கினால் கிடைப்பது உயிர்க்கரி. திறந்த வெளியில் எரித்தால் சாம்பலே மிஞ்சும். கரிமம் புகையாய்ப் போய்விடும். கருக்கும்போது கரிமத்தின் கணிசமான பகுதி நுண்துளைகள் நிறைந்த கரியாகத் தங்கிவிடுகிறது. தொழுவுரம் வெப்ப நாடுகளில் சில பருவங்களில் மக்கி மறையும். இக்கரியோ மண்ணில் பல்லாண்டுகள் நிலைக்கும். அமேசான் காடுகளில் பழங்குடியினர் கரி கலந்து உருவாக்கிய கருமண், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் வளம் குன்றாதிருப்பது இதற்குச் சான்று.

யூரியாவோடு ஏன் சேர்க்க வேண்டும்?

யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. மண்ணில் அது முதலில் அம்மோனியமாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. மேற்பரப்பில் தூவினால் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாக ஆவியாகும்; நைட்ரேட்டில் ஒரு பகுதி மழைநீரோடு வேர்மண்டலத்துக்குக் கீழே இறங்கிவிடும். உயிர்க்கரி அம்மோனியத்தைத் தன் பரப்பில் பற்றிவைத்து மெல்ல விடுவிக்கிறது, ஈரத்தையும் காக்கிறது.

எனினும் கரி தானே உரமாகாது. அதில் பயிருக்கு உடனே கிட்டும் தழைச்சத்து மிகக் குறைவு. பதப்படுத்தாத புதுக்கரியை மட்டும் இட்டால், மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொண்டு முதற்பருவத்தில் பயிர் வெளிறக்கூடும். ஆகவே கரியைத் தொழுவுரத்துடனும் மாட்டுச் சிறுநீருடனும் கலந்து, இரண்டு மூன்று வாரம் ஈரமாக வைத்த பின்னரே நிலத்தில் இடுதல் நன்று. புதுக்கரி காரத்தன்மை உடையது. அதனோடு யூரியாவைக் கலந்து திறந்து வைத்தால் அம்மோனியா வெளியேறிவிடும். யூரியாவைத் தனியே, தவணைகளாகப் பிரித்து இட்டு மண்ணால் மூட வேண்டும்.

எந்த மண்ணுக்கு ஏற்றது?

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஒரு கட்டுரை, வெப்ப மண்டலத்தில் சராசரியாக 25 விழுக்காடு விளைச்சல் உயர்வைக் கண்டது. மிதவெப்ப நாடுகளிலோ சராசரியில் பயன் தென்படவில்லை. அமிலத்தன்மையும் வளக்குறைவும் உள்ள மண்ணிலேயே பயன் மிகுதி. களர் நிலத்தில் கரி தீங்கும் செய்யலாம். எனவே மண்வள அட்டையில் கார அமில நிலையைப் பார்த்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

45 கிலோ யூரியா மூட்டையின் மானிய விலை 266 ரூபாய் 50 காசு. ஏக்கருக்கு மூன்று மூட்டை இடுபவர் கரியின் துணையால் கால் பங்கைக் குறைத்தாலும் மிச்சம் ஏறத்தாழ 200 ரூபாயே. ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் அளவோ எக்டருக்கு 10 டன், அதாவது ஏக்கருக்கு 4 டன். எனவே உரச்செலவு குறையும் என்று எண்ணிக் கரியை விலைக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. உண்மையான வரவு விளைச்சல் உயர்விலும், பல பருவங்களுக்கு நீடிக்கும் ஈரக்காப்பிலும் இருக்கிறது. யூரியா ஒரு பருவத்துப் பயிர்ச்செலவு. கரியோ பல ஆண்டு மூலதனம். ஒரு பருவத்தில் திருப்ப வேண்டிய பயிர்க்கடனை இம்மூலதனத்தில் முடக்கலாகாது.

ஆகவே கரியை நாமே செய்துகொள்வதே முறை. ஐதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய்ப் பீப்பாயைக் கொண்டு எளிய கரிக்கலன் ஒன்றை வடிவமைத்துள்ளது. துவரை மார், மல்பெரித் தண்டு, கடலைத் தோல் ஆகியவை ஏற்றவை. மாடு உண்ணும் கேழ்வரகுத் தாளையும் கடலைக்கொடியையும் கருக்க வேண்டாம்; தீவனம் விலைக்கு வாங்க நேரிடும்.

முதலில் சோதித்துப் பார்ப்போம்

ஐந்து சென்ட் அளவில் நான்கு பாத்திகள் பிரிக்கவும்:

1. யூரியாவும் கரியும் இல்லாதது.
2. பரிந்துரைத்த யூரியா மட்டும்.
3. கரியும் முழு யூரியாவும்.
4. கரியும் முக்கால் பங்கு யூரியாவும்.

கரியிடும் இரு பாத்திகளுக்கும் சேர்த்து 400 கிலோ கரி போதும். அதற்கு 1,200 முதல் 1,600 கிலோ வரை உலர்ந்த கழிவு தேவைப்படும். விதை, நீர், நடவு நாள் யாவும் ஒன்றாயிருக்கட்டும். ஒவ்வொரு பறிப்பையும் எடைபோட்டு நோட்டில் எழுதுக. நான்காம் பாத்தி இரண்டாவதற்கு ஈடாக விளைந்தால் கரி தழைச்சத்தைக் காத்தது எனக் கொள்ளலாம். மூன்றாவது மிகுந்து விளைந்தால் மண்ணே தேறியிருக்கிறது. இரண்டும் நேராவிடில், இழப்பு சில நாள் உழைப்போடு நிற்கும். ஒரு பருவத்து முடிவை மட்டும் நம்பாமல், அதே பாத்திகளை மறு பருவமும் தொடர்வது நல்லது.

ஐயங்களை வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஊரிலுள்ள ரைது சேவா கேந்திரத்திலும் கேட்டறியலாம். இரு பருவக் கணக்குடன் கிளைக்கு வாருங்கள். பரப்பை விரிவாக்குவது குறித்து அந்த எண்களை வைத்தே சேர்ந்து திட்டமிடுவோம்.