ஆரஞ்சு எண்ணெய்: மணக்கவும் செய்யும், கரைக்கவும் செய்யும்

வீட்டிலேயே சோப்பு செய்து விற்கும் எனக்கு அதிகம் புழங்குகிற பொருள் ஆரஞ்சு எண்ணெய். சாறு பிழிந்த பழத்தின் தோலிலிருந்து எடுப்பதால் மற்ற நறுமண எண்ணெய்களைவிட விலை குறைவு. மணமும் எல்லோருக்கும் பிடித்துப்போகும். அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலரும் முதலில் இதைத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு என்னிடம் வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: "அக்கா, இதை அப்படியே முகத்துல தடவலாமா? குளிக்கிற தண்ணியில விடலாமா? ரெண்டு சொட்டு குடிச்சா உடம்புக்கு நல்லதாமே?"

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, லிமோனீன் என்ற ஒரு பொருளைப் புரிந்துகொள்ளச் சொல்வேன். ஆரஞ்சு எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான் இருக்கிறது. லிமோனீன் நல்ல கரைப்பான், சீக்கிரம் தீப்பற்றும், காற்றுப் பட்டால் கெட்டுப்போகும், தண்ணீரோடு சேராது. இந்த நாலு குணமும் மனதில் இருந்தால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது பெரும்பாலும் நமக்கே விளங்கிவிடும்.

தெர்மாகோல் சொல்லும் பாடம்

என்னிடம் சோப்பு கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதலில் ஒரு தெர்மாகோல் துண்டைத்தான் காட்டுவேன். டிவி, மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதே வெள்ளைத் துண்டு. அதன்மேல் ஆரஞ்சு எண்ணெயில் ஒரு சொட்டு விட்டால், விட்ட இடம் மெல்ல உள்வாங்கும். வெள்ளை மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்கி, கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு குழியும், அடியில் பிசினும்தான் மிஞ்சும். பாலிஸ்டைரீனை லிமோனீன் கரைத்துவிட, உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறியதால் வந்த குழி அது.

இதைப் பார்த்தவர்கள் அந்த எண்ணெயைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வைக்க மாட்டார்கள். அடர்நிறக் கண்ணாடி பாட்டில்தான் சரி. ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர் மூடியும் வேண்டாம். பாட்டிலிலேயே அது கிடந்தால் ரப்பர் ஊறி இளகி, எண்ணெயோடு கலக்கும். வாயில் சொட்டுத் துளை வைத்த மூடியே போதும்.

கெடுக்கிற அதே குணம்தான் வீட்டு வேலைக்கு உதவுகிறது. புது எவர்சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கரைக் கிழித்தபிறகு நகத்தால் சுரண்டினாலும் போகாத பசை இருக்கும். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுத் தடவி, இரண்டு நிமிடம் விட்டுத் துடைத்தால் வழித்துக்கொண்டு வரும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு, பாத்திரம் துலக்கும் லிக்விட் ஒரு ஸ்பூனில் பத்துப் பதினைந்து சொட்டு கலந்து, கையுறை போட்டுக்கொண்டு தேய்ப்பேன். குக்கர் கேஸ்கட், டிவி திரை, அக்ரிலிக் பொருள், வார்னிஷ் பூசிய மரம் இவற்றின் பக்கம் மட்டும் கொண்டு போவதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பாட்டில்

ஆரஞ்சுத் தோலை மடித்து மெழுகுவத்திச் சுடருக்கு அருகே பிதுக்கினால் பளிச்சென்று பொறி பறக்கும். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது; தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெய் எரிவதுதான் காரணம். லிமோனீனிலிருந்து எழும் ஆவி சுமார் 48 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் கதவு ஜன்னலைச் சாத்தி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஆகவே பாட்டிலைக் காரில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பிசுக்கு துடைக்கும் நாளில் எனக்கு முதல் வேலை கேஸ் அடுப்பையும் ஃபேன் சுவிட்சையும் அணைத்து ஜன்னலைத் திறப்பது. அகல் விளக்கு எண்ணெயில் வாசத்துக்காகக் கலப்பதும் வேண்டாத வேலை.

வாளித் தண்ணீரும் குடிநீரும்

வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் அது கரையாமல் மேலே மிதக்கும். முதல் சொம்பு மொள்ளும்போது அந்த நாலு சொட்டும் நீர்க்காத எண்ணெயாகவே நம் தோளிலோ கண்ணிலோ விழும். குளியலில் இந்த மணம் வேண்டுமென்றால் சோப்பு வழியாக வரட்டும்.

குடிப்பதற்கும் இதே பதில்தான். பிஸ்கட்டிலும் குளிர்பானத்திலும் ஆரஞ்சு எண்ணெய் சேர்க்கிறார்கள், உண்மைதான். அது உணவுத் தரத்தில், மிகச் சிறிய அளவில், முறையாகக் கலந்து சேர்க்கப்படுவது. டம்ளரில் நேராக விடும் சொட்டு வாயையும் தொண்டையையும் எரிக்கும். உடம்புக்கு நல்லது வேண்டுமென்றால் பழத்தைச் சாப்பிடலாமே.

வீட்டில் குழந்தை இருந்தால் பாட்டிலைப் பூட்டி வைக்க வேண்டும். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வெளியே வரும்போது எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலைப் பாதிக்கும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. பூனை வளர்ப்பவர்கள் டிஃப்யூசரிலும் தரை துடைப்பதிலும் இதைத் தவிர்ப்பது நல்லது. இந்த வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

தோலில் தடவுவதற்கு முன்

நேராகத் தடவக்கூடாது, தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்துதான். 1 மில்லி என்பது ஏறக்குறைய 20 சொட்டு. 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு விட்டால் 1 சதவீதம் ஆகும். உடம்புக்குத் தடவ அது போதும். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வேன்.

இந்தக் கணக்கு இனிப்பு ஆரஞ்சுக்கு. எலுமிச்சைக் குடும்பத்தில் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. பர்கமாட், லைம், லெமன் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்களில் ஃபுரோகூமரின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போலச் சிவந்து கொப்பளிக்கும். ஆறியபிறகும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கலாம். பர்கமாட் கலந்த கொலோன் பூசிக்கொண்டவர்களின் கழுத்தில் வழிந்த தடத்திலேயே தழும்பு விழுந்ததை மருத்துவர்கள் ஒரு நோயாகவே பெயரிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தோலிலேயே தங்கும் பொருள்களில் பர்கமாட் 0.4 சதவீதம், பிழிந்த லைம் 0.7 சதவீதம், பிழிந்த லெமன் 2 சதவீதம் என்று துறையில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் அந்த இடத்தில் 12 மணி நேரமாவது வெயில் படக்கூடாது. ஆவியில் வடித்தெடுத்த லைம், லெமன் எண்ணெய்களில் இந்தத் தொல்லை இல்லை. இனிப்பு ஆரஞ்சிலும் இல்லை.

ஆகவே லேபிளில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: தாவரப் பெயர், எடுத்த முறை. சிட்ரஸ் சினென்சிஸ் என்றால் இனிப்பு ஆரஞ்சு. சிட்ரஸ் லிமோன் என்பது வெளிநாட்டுப் பெரிய மஞ்சள் பழம். நம்மூர்ச் சந்தையில், புளியங்குடியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் எலுமிச்சை, சிட்ரஸ் ஆரண்டிஃபோலியா. அதாவது வெயில் விஷயத்தில் லெமனைவிடக் கடுமையான லைம். அதன் தோலை வீட்டில் முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறவர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது.

தாவரப் பெயரே இல்லாமல் மணத்தின் பெயர் மட்டும் இருந்தால் செயற்கை வாசனையாக இருக்கலாம். ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பாருங்கள். காய்ந்தபிறகு மங்கலான மஞ்சள் சாயல் மட்டும் இருந்தால் சரி. பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறார்கள்.

காற்றுதான் பெரிய எதிரி

பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று நிறையும். லிமோனீன் அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து, தோல் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களாக மாறும். புது எண்ணெய் ஒத்துக்கொண்டவருக்கே பழைய எண்ணெய் அரிப்பைத் தரலாம். மூக்கால் கண்டுபிடிக்கலாம்: பழ மணம் மங்கி டர்பன்டைன் நெடி தலைதூக்கும். மூடியின் புரியில் பிசுபிசுப்பு படியும்.

திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் வைப்பேன். பாதிக்குக் கீழே இறங்கினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடுவேன். திறந்து ஒரு வருடம் ஆனது என்றால் தோலுக்கான வேலையிலிருந்து நீக்கிவிடுவேன். கையுறையோடு ஸ்டிக்கர் பசை எடுக்க அது போதும்.

சோப்பிலும் இதன் மணம் நிலைப்பதில்லை. காஸ்டிக் சோடா போட்டுச் செய்யும் சோப்பு உலரும் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் ஆரஞ்சு வாசம் பாதி ஓடிவிடும். லிமோனீனில் ஒரு பகுதியை நீக்கிச் செறிவாக்கிய 5எக்ஸ், 10எக்ஸ் எண்ணெய்களைத்தான் நான் சோப்புக்கு வாங்குகிறேன். கூடவே கொஞ்சம் எலுமிச்சைப்புல் எண்ணெய் சேர்த்தால் புளிப்பு மணம் இன்னும் சில நாள் தங்கும்.

முதலில் எதை வாங்குவது?

இனிப்பு ஆரஞ்சு, 15 மில்லி, கண்ணாடி பாட்டில், தாவரப் பெயர் அச்சிட்டது. பர்கமாட்டும் லைமும் அளவுக் கணக்கு கைவந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். டிஃப்யூசரில் நாலைந்து சொட்டு, ஜன்னல் திறந்த அறையில் அரைமணி நேரம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அதுவும் வேண்டாம். பெரிய பாட்டிலில் சலுகை விலை என்றால் ஆசைப்படாதீர்கள். ஒரு வருடத்தில் தீராத அளவு என்றால் மிச்சம் ஸ்டிக்கர் பசைக்குத்தான்.